சுண்டு புரண்ட பக்கம்

கஜேந்திரனுக்கு முப்பத்தொரு வயது. பன்னிரண்டு வருஷமாகக் கொழும்பில் டைல் பாஸ். புதிதாக எழும்பும் மாடி வீடுகளுக்குத் தரை போடுகிறவன். அவன் போட்ட தரையில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தண்ணீரே குழம்பி நிற்கும் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். இந்த வருஷம் பங்குனியிலிருந்து அவன் எந்தத் தரையும் போடவில்லை. லுணுகலைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவே, பன்னிரண்டு காம்பரா வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயத்தின் ஐந்தாம் காம்பராவில் பிள்ளை வளர்க்கிறான்.

பங்குனி நடுவில் பிறக்க வேண்டிய பிள்ளை ஒன்பது வாரம் முந்தி, தைப்பொங்கல் கழிந்த ஐந்தாம் நாளே வந்துவிட்டது. ஆயிரத்து முந்நூற்றைம்பது கிராம். கொழும்பிலிருந்து ஓடிவந்தவன் பதுளை ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றான். பக்கத்தில் அவன் மனைவி விஜயலெட்சுமி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அரிசி அளக்கிற சுண்டுக்குள்ள தலை அடங்கிரும் போல இருக்குங்க," என்றாள்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளைக்கு சஸ்மிதா என்று பெயர். ஆனால் அன்றிலிருந்து அவள் சுண்டுதான்.

நாற்பத்தாறு நாள் ஆஸ்பத்திரி. பெட்டியிலிருந்து எடுத்து உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் நாள் வந்தபோது விஜிக்குக் காய்ச்சல். நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அப்பா இருக்கிறார்தானே, அப்பா வாங்க," என்றாள். கஜேந்திரனின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லி, பிள்ளையை நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, மேலே சட்டையை மூடிக் கட்டினாள். நாற்காலியில் இரண்டு மணி நேரம் அவன் அசையவில்லை. மூக்கு அரித்தது. அதையும் சொறியவில்லை. ஐம்பது கிலோ சீமெந்துப் பை தூக்குகிற தோள், ஒன்றரைக் கிலோவில் மரத்துப்போனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யார் வேலைக்குப் போவது என்ற கேள்வி வந்தது. விஜியின் பிரசவ லீவில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்திருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விடலாம் என்றால், கூட்டத்தில் சளி தொற்றினால் இந்த நுரையீரல் தாங்காது, ஒரு வயசு வரை வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். விஜி கொழுந்து எடுக்கப் போகாவிட்டால் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பராவும் போகும். அது அவள் அம்மா காலத்திலிருந்து அவர்களுக்கு வந்த காம்பரா. கஜேந்திரனோ தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தான். மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணமாகி வந்தவன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தலைகாட்டிவிட்டுக் கொழும்புக்குப் போகிறவன்.

"நான் இருக்கேன்," என்றான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுல. பிள்ளையோட."

விஜி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பிள்ளைக்குப் பீத்துணி மாத்தத் தெரியுமா?"

"ஒம்பது மாடிக்குத் தரை போட்டவன்டி நான்."

"நான் கேட்டது அது இல்ல," என்றாள். ஆனால் சித்திரை வருஷப் பிறப்பு கழிந்ததும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அவள்தான் போனாள். அவன்தான் வீட்டிலிருந்தான்.

காலை பத்து மணிக்குச் சுண்டுவைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு, மேலே ஒரு கம்பளிச் சட்டை போட்டு, மலைக்கு ஏறுவான். கொழுந்து எடுக்கிற பெண்கள் தேத்தண்ணிக்கு நிற்கிற நேரம் அது. விஜி கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவி, ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுப்பாள். அவன் காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி மறைப்பாக நிற்பான். மதியம் மறுபடியும் ஒரு ஏற்றம். முதல் வாரம் அவன் வருவதைப் பார்த்து மலையே சிரித்தது.

எதிர் லயத்து ரெங்கம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தேயிலை நிரைக்கு நிரை தாவி வந்து கேட்பாள்.

"என்ன தம்பி, சட்டைக்குள்ள கொழுந்தா? எத்தன கிலோ?"

"மூணே கால்க்கா."

"தண்ணிக்குக் கழிச்சா, கழிக்காமயா?"

"இப்பதான் மாத்திட்டு வாறேன். கழிச்சுத்தான்."

மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறவர் ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பதைத் தினமும் பார்த்து வயிறெரிகிறவர்கள் அவர்கள். அன்று கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவனைக் கேலி செய்வது குறைந்து, சுண்டுவின் நிறை கேட்பது ஒரு வழக்கமாகிவிட்டது. மூணரை. நாலு. நாலு இருநூறு. கூடை நிரம்பிய சந்தோஷத்தோடு கேட்டுக்கொண்டார்கள்.

முதல் சிரிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. சும்மா தூக்கத்தில் உதடு கோணுவதல்ல, ஆளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. கஜேந்திரன் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் விஜி வந்ததும் சொன்னான். விஜி காலில் ஒட்டியிருந்த அட்டையைக்கூட எடுக்காமல் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, நாக்கை நீட்டி, கண்ணை உருட்டி, என்னென்னவோ செய்து பார்த்தாள். சுண்டு கொட்டாவி விட்டாள்.

"எல்லாத்தையும் பகல்லயே முடிச்சிர்றா. அம்மா வந்தா கொட்டாவி," என்றாள் விஜி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

பக்கத்துக் காம்பரா ரமேஸுக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை. அவன் மனைவி நிஷாந்தினிக்கும் அதே தை மாசம், அதே வாரம், ஆண் பிள்ளை. நிறை மாசத்தில் மூன்றரைக் கிலோவாகப் பிறந்த பிள்ளை. வைகாசியிலேயே அவன் புரண்டுவிட்டான். ஆனி வந்ததும் தலையணைக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்தான். முன்வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினால் லயத்தில் போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் விஜிக்குத் தாங்காது.

தோட்டத்துக்கு வருகிற மிட்வைஃப் ஸிஹாமா மிஸ் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். "இவளுக்கு ரெண்டு வயசு இருக்கு தம்பி. பொறந்த தேதியிலருந்து ஒண்ணு. பொறக்க வேண்டிய தேதியிலருந்து ஒண்ணு. தடுப்பூசிக்கு மொத வயசு. கழுத்து நிக்கிறது, புரளுறது எல்லாத்துக்கும் ரெண்டாவது வயசு. அந்தப் பையனோட ஒப்பிடாதீங்க."

"சரி மிஸ்," என்றார்கள் இருவரும். மிஸ் இறங்கிப் போனதும் விஜி கேட்டாள்: "அப்படிப் பாத்தாலும் புரளணும்தானேங்க? எப்பவாவது?"

ஆடி நடுவில் பதுளைக் கிளினிக். அங்கே பிள்ளை என்னென்ன செய்கிறது என்று டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்பார். கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோதே, முந்திப் பிறந்த பிள்ளைகளில் சிலருக்குக் கைகால் தாமதமாகலாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை இரண்டு பேரும் மறுபடி வாயால் சொன்னதில்லை. இரண்டு பேர் தலைக்குள்ளும் அது இருந்தது. சுண்டு புரண்டுவிட்டால் போதும் என்று கஜேந்திரனுக்கு இருந்தது. ஒரே ஒரு தடவை.

ஆனி கடைசியில் ஒரு வியாழக்கிழமை அது நடந்தது.

பாயில் சுண்டுவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு துணிச்சுருள் கொடுத்துவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கத் திரும்பினான். பின்னால் ஒரு முனகல். திரும்பிப் பார்த்தால் பிள்ளை குப்புறக் கிடக்கிறது! மூக்கைப் பாயில் தேய்த்துக்கொண்டு, தலையைத் தூக்கி, யாரோ தன்னைத் தள்ளிவிட்ட மாதிரி கோபமாகப் பார்க்கிறது.

கஜேந்திரன் போட்ட சத்தத்தில் நிஷாந்தினி சோற்றகப்பையோடு ஓடிவந்தாள். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ரமேஸ் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தான்.

"என்ன மச்சான், பாம்பா?"

"புரண்டுட்டாடா! சுண்டு புரண்டுட்டா!"

"அட, அதுக்கா? நான் பாம்புன்னு நெனச்சு தடிய எடுத்துட்டேன்," என்றான் ரமேஸ். ஆனாலும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினான். "கெட்டிக்காரி. கொழுக்கட்ட எப்ப?"

பிள்ளை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை. அந்த லயத்தில் அது எழுதாத சட்டம். அன்று மாலை விஜி சேதி கேட்டுக் கூடையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்தாள். "இதையும் பகல்லதான் செய்யணுமா?" என்று சுண்டுவின் காலில் செல்லமாகக் கிள்ளினாள். மறுநாள் விடியுமுன் எழுந்து மாவு வறுத்து, பயறும் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிடித்து, பன்னிரண்டு காம்பராவுக்கும் காம்பராவுக்கு ஐந்து என்று கொடுத்தனுப்பிவிட்டுத்தான் பெரட்டுக்குப் போனாள். மலையில் ரெங்கம்மாவுக்கு மட்டும் தனியாக எட்டு.

சனிக்கிழமை மத்தியானம் சம்பலுக்குத் தேங்காய் உடைக்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்த ஒரு தேங்காயைக் குசினி வாசலில் வைத்துவிட்டுக் கஜேந்திரன் கத்தியைத் தேடினான். தேங்காய் மெதுவாக அசைந்தது. நின்றது. பிறகு ஒரு முடிவுக்கு வந்த மாதிரி உருளத் தொடங்கி, காம்பராவின் நடுவே போய், சுண்டுவின் பாயை உரசிக்கொண்டு, முன்வாசற்படியில் முட்டி நின்றது.

கஜேந்திரன் தேங்காயைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். கத்தியைக் கீழே வைத்தான்.

கட்டிலுக்குக் கீழே கிடந்த வேலைப் பையை இழுத்து, ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தான். கண்ணாடிக் குழாயில் நடுவே நிற்க வேண்டிய குமிழி, குசினிப் பக்கம் ஓடி ஒண்டிக்கொண்டது. ரசமட்டத்தின் அடியில் தீப்பெட்டியை வைத்துப் பார்த்தான். போதவில்லை. இரண்டு வைத்தான். ஆறடிக்கு மூன்று அங்குலம் சரிவு.

தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தானாக முன்பக்கத்துச் சாக்கடைக் கானில் போய் விழட்டும் என்று லயம் கட்டிய காலத்தில் அப்படி விட்டிருப்பார்கள். கஜேந்திரன் பிறந்த லயத்திலும் தரை அப்படித்தான். நடக்கப் பழகியதே சரிவில். அவன் காலுக்குச் சரிவுதான் மட்டம். கொழும்பில் அரை நூல் ஏறியிருந்தாலும் டைலைப் பெயர்த்து எறிகிறவன், இந்தத் தரையில் மூன்று வருஷமாக வந்துபோய், நடந்து, உறங்கி, பிள்ளையையும் கிடத்தியிருக்கிறான். தெரியவில்லை.

சுண்டுவைக் கிடத்திப் பார்த்தான். முகம் வாசல் பக்கம் இருக்குமாறு ஒருக்களித்து வைத்தால், இரண்டு உதை உதைத்ததும் கவிழ்ந்தாள். முகம் குசினிப் பக்கம் இருக்குமாறு வைத்தால், எவ்வளவு உதைத்தாலும் மல்லாந்துதான் விழுந்தாள். மூன்று தடவை. மூன்று தடவையும் அப்படியே. சுண்டுவுக்கு விளையாட்டாக இருந்தது. வாயைத் திறந்து சிரித்தாள்.

அவன் அவளைத் தூக்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பன்னிரண்டு காம்பராவும் கொழுக்கட்டை தின்று ஏப்பம் விட்டாயிற்று.

விஜியிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம் அவள் ஏதாவது பாடிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். அவள் பாடி அவன் கேட்டு மாசக்கணக்காகிறது. இரண்டு நாள் கழித்து, கோழிக்கூட்டின் மேல் கிடந்த பழைய கதவுப் பலகையைக் கழுவிக் காயவைத்து, காம்பரா நடுவில் போட்டு, அடியில் டைல் துண்டுகளைச் செருகிச் செருகி மட்டம் செய்தான். குமிழி நட்டநடுவில் நின்றது. மேலே இரட்டைக் கம்பளியும் பாயும்.

"இது என்னத்துக்கு?" என்றாள் விஜி.

"தரையில ஈரம்."

"ஆடிக் காத்துல என்ன ஈரம்?"

"இருக்கு," என்றான்.

மட்டமான பலகையில் சுண்டு மகாராணி மாதிரி கிடந்தாள். கூரைத் தகரத்தைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். கச்சான் காற்று தகரத்தைத் தட்டினால் அதோடு பேசினாள். கையைப் பாதத்தருகே கொண்டுபோய், பிடிக்காமல் விட்டாள். புரளவில்லை. ஒரு வாரம் போயிற்று. கஜேந்திரன் கிலுகிலுப்பையை வலப்பக்கம் ஆட்டினான், இடப்பக்கம் ஆட்டினான். தானே பக்கத்தில் படுத்து, "இப்படிம்மா, இந்தா பாரு, இப்படி," என்று புரண்டு காட்டினான். வாசலில் ரமேஸ் நின்றிருந்தான்.

"மச்சான்," என்றான் ரமேஸ், "ஒனக்கும் கொழுக்கட்ட சுட்டுருவமா?"

கிளினிக் நாளன்று விஜி லீவு போட்டாள். முதல் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கினார்கள். டொக்டர் சிங்களப் பெண். தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசுவார். பிள்ளையின் கிளினிக் அட்டையை விரித்து, நிறையைப் பார்த்து, "நல்லம், நல்லம்," என்றார்.

"பபா சிரிக்குதா?"

"சிரிக்கிறா டொக்டர்," என்றாள் விஜி.

"சத்தம் கேட்டா திரும்புதா?"

"திரும்புவா."

"புரளுதா?"

"ஆமா டொக்டர்! போன மாசமே புரண்டுட்டா. கொழுக்கட்டையும் குடுத்தாச்சு."

டொக்டர் புன்னகையோடு பேனாவை அட்டையில் வைத்தார். கஜேந்திரன் அந்தப் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதிவிட்டால் அது சரியாகிவிடும். அட்டையில் சரியாகிவிடும். அதற்குப் பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள்.

"எழுதாதீங்க டொக்டர்," என்றான்.

டொக்டர் நிமிர்ந்தார். விஜியும் திரும்பினாள்.

"அது புரண்டது இல்லைங்க. எங்க தரை சரிவு. ஆறடிக்கு மூணு அங்குலம். பள்ளத்துப் பக்கம்தான் விழுறா. தேங்காயும் அப்படித்தான் போகுது. மட்டமா ஒரு பலகை போட்டுப் பாத்தேன். இன்னைக்கு வரைக்கும் புரளல்ல."

டொக்டர் பேனாவை மூடினார். உதட்டைக் கடித்தார். பிறகு முடியாமல் சிரித்துவிட்டார். பக்கத்து மேசை நர்ஸிடம் சிங்களத்தில் சொல்ல, தேங்காய் என்ற இடம் வந்ததும் அவளும் சிரித்தாள்.

"சரி. நீங்க சொன்னது மிச்சம் நல்லம்," என்று எழுந்தார். "இப்ப நாங்க பாப்போம்."

சுண்டுவை மேசையில் கிடத்தி, இரண்டு கையையும் பிடித்து மெல்ல இழுத்தார். தலை பின்னால் தொங்காமல் கூடவே வந்தது. ஒரு சிவப்புப் பந்தைக் காட்டி இடமும் வலமும் கொண்டுபோனார். கண் பின்னாலேயே போனது. கால்களை மடக்கி நீட்டினார். குப்புறப் போட்டார். சுண்டு முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு தூக்கி, அறையில் இருந்த எல்லாரையும் விசாரிக்கிற மாதிரி சுற்றிப் பார்த்தாள். டொக்டர் நேரம் எடுத்துக்கொண்டார். அவர் மறுபடி பேசும்வரை விஜி தன் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பொறக்க வேண்டிய தேதியிலருந்து இவவுக்கு நாலு மாசம். நாலு மாசத்துப் பபா செய்யுறது எல்லாம் செய்யுது. கை, கால், கண் எல்லாம் நல்லம். புரளுறதுக்கு இன்னும் டைம் இருக்கு. ரெண்டு மாசத்தில திரும்ப வாங்க. அப்பவும் இல்லைன்னா பயிற்சி குடுப்போம். முழிச்சிருக்கிற நேரம் குப்புறப் போடுங்க. பக்கத்தில இருங்க." பிறகு கஜேந்திரனைப் பார்த்து, "அந்தப் பலகை இருக்கட்டும்," என்றார்.

பஸ் நிலையம் வரை விஜி பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் டவுனைத் தாண்டியதும் கேட்டாள்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"கொழுக்கட்ட குடுத்ததுக்கு மறுநாளே."

"ரெண்டு வாரத்துக்கு மேல மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருந்தீங்களா?"

"நீ பாடிக்கிட்டு இருந்த."

விஜி வெளியே பார்த்தாள். அழுகிறாளோ என்று அவன் பயந்தான். அவள் தோள் குலுங்கியது. எட்டிப் பார்த்தால் சிரிக்கிறாள். வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு, மடியில் பிள்ளை குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள்.

"தேங்காய்க்கு... தேங்காய்க்கா நான் விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு மாவு வறுத்தேன்?"

முன் ஆசனத்து மனிதர் திரும்பிப் பார்த்தார். டொக்டர் எல்லாம் நல்லம் என்று சொன்னதை, கால்களை மடக்கி நீட்டியதை, ஒவ்வொன்றாக இருவரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். லுணுகலையில் இறங்கியும் விஜிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் மலையில் அவளே எல்லாருக்கும் சொன்னாள். அன்று சாயங்காலமே லயம் கூடிவிட்டது.

"அப்ப நாங்க தின்னது பிள்ளைக் கொழுக்கட்டை இல்ல, தேங்காய்க் கொழுக்கட்டை," என்றான் ரமேஸ். "செமிச்சதை எப்படி மச்சான் திருப்பித் தாறது?"

"ஒங்க காம்பராத் தரை மட்டும் என்ன மட்டமா?" என்றாள் ரெங்கம்மா.

நிஷாந்தினி இடுப்பிலிருந்த மகனை இறுக்கிக்கொண்டாள். "என் மகன் நெசமாத்தான் புரண்டான்!"

"அது லெவல் வச்சாத்தான் தெரியும்," என்றான் கஜேந்திரன் மெதுவாக.

அன்று இருட்டும்வரை அவன் ரசமட்டத்தோடு காம்பரா காம்பராவாகப் போனான். லயமே பின்னால் போனது. இரண்டாம் காம்பராவில் இரண்டரை அங்குலம். எட்டில் நாலு. பதினொன்றாம் காம்பராக்காரர் தன் கட்டில் ஏன் வருஷத்துக்கு ஒரு முறை கதவை அடைத்துக்கொள்கிறது என்று அன்றுதான் புரிந்துகொண்டார். நிஷாந்தினியின் மகனைக் கதவுப் பலகையில் கிடத்தினார்கள். அவன் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை புரண்டு, ரசமட்டத்தைப் பிடித்து வாயில் வைத்தான். நிஷாந்தினி எல்லாரையும் பார்த்தாள். "பாத்தீங்களா?"

இப்போது விஜிக்கும் தெரியும் என்பதால் கஜேந்திரனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. காலையில் நூறு வரை எண்ணிக் குப்புறப் போடுவான். மாலையில் அவள் போடுவாள். கிலுகிலுப்பை முறை வைத்து ஆட்டினார்கள். மலையில் நிறையோடு சேர்த்து இன்னொரு கேள்வியும் வந்தது.

"புரண்டாளா?"

"இன்னும் இல்லக்கா."

"வருவா, வருவா. முந்தி வந்த களைப்பு இருக்கும்தானே."

ஆவணி பிறந்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. கச்சான் காற்றில் நமுனுகுல மலை தெளிவாகத் தெரிந்தது. விஜிக்கு வேலையில்லாத நாள். கஜேந்திரன் தண்ணீர் விழும் பீலியடியில் உட்கார்ந்து பிள்ளைத் துணிகளைச் சவர்க்காரம் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தான். லயத்திலிருந்து விஜியின் குரல் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், அன்று பெயர் சொல்லியே கத்தினாள்.

"கஜேந்திரன்! ஏங்க! புரண்டுட்டா!"

அவன் எழுந்து நின்றான். கையிலிருந்து நுரை வழிந்தது.

"எந்தப் பக்கம்?"

"மேட்டுப் பக்கம்! குசினிப் பக்கம்!"

துணியை விட்டுவிட்டு ஓடினான். பீலியடியில் நின்ற பெண்களும் பின்னால் வந்தார்கள். காம்பராவுக்குள் விஜி தரையில் மண்டியிட்டு, இரண்டு கையையும் சுண்டுவின் இரண்டு பக்கமும் தொடாமல் விரித்து வைத்திருந்தாள். சுண்டு பலகையின் குசினிப் பக்க ஓரத்தில் குப்புறக் கிடந்தாள். முகம் சிவந்திருந்தது. புரளும்போது வலது கை வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கத் தெரியாமல் முக்கினாள்.

"நான்தான் பாத்தேன்," என்றாள் விஜி, கண்ணை எடுக்காமல். "நான் மட்டும்தான் பாத்தேன். மொதல்ல கால் போச்சு, அப்புறம் இடுப்பு, அப்புறம் ஒரு நிமிசம் நின்னா. நான் மூச்சே விடல்ல."

"கை மாட்டிருச்சே. எடுத்து விடவா?"

"தொடாதீங்க. இருங்க."

அவன் ஈரக் கையோடு பக்கத்தில் குந்தினான். வாசலில் நின்றவர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். சுண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். ஒரு காலை உதைத்தாள். அழலாமா என்று யோசித்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அதை விட்டுவிட்டு, தோளைத் தூக்கி, இழுத்தாள். முழங்கை வந்தது. இன்னொரு இழுப்பு. மூடிய விரல்களோடு கை வெளியே வந்து, பாயில் பட்டென்று விழுந்தது. சுண்டு அதை ஆச்சரியமாகப் பார்த்தாள்.